மதில்மேல் இரண்டு சிவப்பு

சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ரங்கூன் மல்லிக் கொடியடியில் நின்று பாருங்கள். அன்று அவிழ்ந்த பூ வெள்ளையாக, மணத்தோடு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் ரோஸ். மூன்றாம் நாள் நல்ல சிவப்பு. அதற்குள் தலை தொங்கிவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருப்பதால், இரண்டு மூன்று கொடி பின்னிக்கிடக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்தக் கொடி ஏறிய மதிலில் வெயில் ஏறியதும் ஆண் ஓணான் ஒன்று வந்து உட்காரும். இணை தேடும் காலமென்றால் தலையும் தொண்டையும் சிவந்து, முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுக்கும். ரத்தம் உறிஞ்சித்தான் சிவந்தது என்று சொல்லியே சின்ன வயதில் கல்லெறிந்தோம். வெள்ளைக்காரரும் 'ரத்தம் உறிஞ்சி' என்றே பெயர் வைத்தார்கள். பாவம், அது பெரும்பாலும் தின்பது எறும்பும் பூச்சியும்தான்.

பூவின் சிவப்பு ஆந்தோசயனின் என்னும் சாயம். பூ அவிழ்ந்த பிறகு இதழுக்குள் ஊறிக்கொண்டே போகும். ஏறிய நிறம் இறங்காது. ஓணானுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. அதன் தோலில் மஞ்சள், சிவப்பு நிறமி உயிரணுக்களுக்கு அடியில் கருநிற உயிரணுக்கள் கிளை விரித்திருக்கின்றன. மெலனின் துகள்கள் அந்தக் கிளைகளுக்குள் பரவினால் தோல் கறுக்கும். நடுவுக்குத் திரும்பிச் சுருண்டால், ஏற்கெனவே அங்கிருக்கும் நிறம் வெளியே தெரியும். சாயம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். சண்டையில் தோற்ற ஓணானின் சிவப்பு சட்டென்று மறைந்துபோவதும் இதனால்தான்.

காட்டுவது யாருக்கு என்பதிலும் வேறுபாடு. ஓணானின் சிவப்பு எதிரியும் இணையும் பார்க்க. கொடியின் வெள்ளை, இருட்டில் நீண்ட உறிஞ்சுகுழலோடு வரும் பருந்து அந்துப்பூச்சிக்கு. விடிந்ததும் ரோஸும் சிவப்பும் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும்.

இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இருந்த தாவர ஆய்வாளர் ரும்ஃபியஸ், ரங்கூன் மல்லி முதலில் புதராக நின்று பிறகு கொடியாக ஏறுவதைப் பார்த்து 'குவிஸ்குவாலிஸ்' என்றார். லத்தீனில் 'யார்? எப்படிப்பட்டது?' 1762-இல் லின்னேயஸும் அதையே எடுத்துக்கொண்டார். இப்போது கொடியைக் கோம்ப்ரீட்டம் பேரினத்தில் சேர்த்து, அந்த அழகான கேள்வியை அழித்துவிட்டார்கள். ஓணான் மட்டும் 1802-இல் கிடைத்த 'வெர்சிகலர்' என்ற பெயரோடு இன்னும் இருக்கிறது. 'நிறம் மாறி' என்று அர்த்தம்.