பாரோய் அணியின் நான்காம் இடம்

2022-ஆம் ஆண்டு சூப்பர் லீக் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலிடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜொகூர் டாருல் தக்சிம் தொடர்ந்து ஒன்பதாவது முறையாக வென்ற ஆண்டு அது. அதில் புதுச் செய்தி ஏதுமில்லை. என் கண் நிற்பது நான்காம் இடத்தில், நெகிரி செம்பிலானில்.

2018 இறுதியில் தரமிறக்கம் கண்டு, மூன்று ஆண்டுகள் பிரிமியர் லீக்கில் போராடி, 2021-இல் அதன் வெற்றியாளராக மேலே வந்த அணி அது. மொத்தம் 12 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள். மறுபடியும் கீழே இறங்காமல் இருந்தாலே போதும் என்றுதான் எங்கள் ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் பேசிக்கொண்டோம். அணியோ சிலாங்கூரையும் முந்திக்கொண்டு முடித்தது. பயிற்றுநர் கே. தேவன்.

தாத்தாமார்களுக்கு 1948-இல் வென்ற மலேசியக் கிண்ணம் பெருமை. எங்கள் அண்ணன்மார்களுக்கு 2009, 2011 கிண்ணங்கள். அந்தக் காலகட்டத்தில் நெகிரி சட்டை அணிந்து வலது ஓரத்தில் பறந்த எஸ். குணாளன் பிறகு சிலாங்கூருக்கும், அங்கிருந்து ஜொகூருக்கும் போனார். எங்கள் தலைமுறைக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை. ஆனால் கிண்ணம் சில ஆட்டங்களின் கதை. லீக்கில் நான்காம் இடம் என்பது ஒரு பருவம் முழுக்க உழைத்ததற்கான கூலி. எனக்கு அதுதான் பெரிது. (அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார்.)

அதே பருவத்தில், அதே லீக்கில் பிஜே சிட்டியும் ஆடியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா அணியாக 2017-இல் பிரிமியர் லீக்குக்கு வந்து, 2019-இல் பெயர் மாற்றத்தோடு சூப்பர் லீக்கில் கால்வைத்த அணி. அங்கேயும் தேவன் பயிற்றுநராக இருந்தவர்தான். 2022 பருவம் முடிந்ததும் அந்த அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. தோட்டத்துப் பையனுக்கு 'அங்கே நம்மைப் பார்ப்பார்கள்' என்றிருந்த ஒரே கதவும் அத்தோடு சாத்தப்பட்டது.

நம் பையன்களிடம் திறமை குறைந்துவிட்டது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பு தோட்டத்துக்கு ஒரு திடல், திடலுக்கு ஓர் அணி. பால்வெட்டு முடிந்து மாலையில் ஆட்டம். பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பிரிந்து போயின. பதினொரு பேர் ஒரே இடத்தில் கிடைப்பதே இப்போது அரிது. ஃபுட்சால் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும், அதிலும் ஐந்து பேர்தான் ஆடலாம்.

லாபு பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் பல்கலைக்கழக அணியில் இடது தற்காப்பு ஆட்டக்காரன். பிஜே சிட்டியின் தேர்வுக்குப் போகலாம் என்றிருந்தான். அணி விலகிய செய்தி வந்த வாரம் பயிற்சிக்கே வரவில்லை. இப்போது பயிற்றுநருக்கான 'டி' உரிமம் எடுக்கப் பணம் சேர்க்கிறான். சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குப் பந்து சொல்லித் தருகிறான். திடலில் பாதிக்குத்தான் புல் வெட்டியிருக்கிறது. வெட்டிய பாதியில் ஆடுகிறார்கள்.