சுறாவும் ஓங்கிலும்



அபுதாபிக் கடலில் படகில் செல்லும்போது நீரின்மேல் ஒரு முதுகுத்துடுப்பு தோன்றினால், "சுறா, சுறா!" என்று அஞ்சுவோர் பலர். ஆனால் அது டால்ஃபினாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. டால்ஃபினை நம் மீனவர் ஓங்கில் என்பர். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய கட்டாயம் ஓங்கிலுக்குத்தான் உண்டு. சுறா, நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களால் பெறுவது.

தொலைவிலிருந்தே இரண்டையும் பிரித்தறியலாம். ஓங்கிலின் துடுப்பு வில்போல் எழுந்து தாழ்ந்து மறையும். சுறாவின் துடுப்பு நேர்க்கோட்டில் நீரைக் கிழித்துச் செல்லும். சில வேளைகளில் அதன் பின்னே வால் நுனியும் தெரியும். காரணம் வாலில் இருக்கிறது. சுறாவின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமும் அசைவது. ஓங்கிலின் வால் கிடையாக விரிந்து மேலும் கீழும் அசைவது. நாய் விரைந்து ஓடும்போது அதன் முதுகு மேலும் கீழும் வளைவதைக் கண்டிருப்பீர்கள். ஓங்கிலின் நீச்சல் அந்த ஓட்டத்தின் தொடர்ச்சியே! ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நான்கு கால்களால் நடந்த விலங்குகளே அதன் முன்னோர். அவற்றின் புதைபடிவங்கள் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் கிடைத்துள்ளன. ஓங்கிலின் பக்கத்துடுப்பினுள் இன்றும் நம் கையிலுள்ளவை போன்ற விரல் எலும்புகள் உள்ளன. சுறாவின் உடற்கூடோ முழுதும் குருத்தெலும்பு. அதன் குலம் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலிலேயே வாழ்வது.

நெருங்கிய உறவில்லாத இவ்விரண்டுக்கும் ஒத்த உருவம் எவ்வாறு வந்தது? விரைந்து நீந்தி இரை பிடிக்கும் உடலுக்கு, இரு முனையும் கூர்ந்து நடுவே பருத்த வடிவமே நீரின் தடையைக் குறைக்கும். அவ்வடிவத்தை இரண்டும் தனித்தனியே அடைந்தன. பறவையும் வௌவாலும் தனித்தனியே சிறகு பெற்றதைப் போல. இரை தேடும் முறை மட்டும் வேறு. ஓங்கில் ஒலியெழுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும். சுறா, இரையின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்சாரத்தை மூக்கருகேயுள்ள துளைகளால் உணரும்.

பெரும்பாலான மீன்கள் முட்டையிடுபவை. சுறாக்களில் பலவோ குட்டி ஈனுபவை. பரதவர் கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பால் சுறாவின் குட்டிகள் தாயின் வயிற்றில் தொப்புள்கொடியோடு வளர்கின்றன. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று நம் வீடுகளில் சமைத்துக் கொடுப்பார்களே, அதே மீன்தான். பெயரில் பால் இருப்பினும் அது தன் குட்டிக்குப் பாலூட்டுவதில்லை, பாலூட்டுவது ஓங்கிலே. குட்டிச் சுறாவை வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் மஞ்சளும் சேர்த்து அமீரக மக்கள் சமைக்கும் 'ஜஷீத்', நம் சுறாப்புட்டுக்கு உடன்பிறப்பு எனலாம்.

ஓங்கில் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். பெருஞ்சுறாக்கள் பலவும் குட்டி ஈனும் பருவம் எய்தவே பத்தாண்டுகளுக்கு மேலாகும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப்போல இவை விரைவில் பெருகுவதில்லை. ஆகவே வலைகளால் நேரும் இழப்பை ஈடுசெய்ய இவற்றால் இயலாது. வலையில் சிக்கிய ஓங்கில் மேலே வர முடியாமல் மூச்சடைத்து இறக்கும். சுறாக்களில் பல, நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களில் நீர் பாயும். அவையும் வலையில் அசைவிழந்து மூச்சடைத்தே இறக்கும்.

திரைப்படங்கள் ஓங்கிலை நண்பனாகவும் சுறாவை அரக்கனாகவும் காட்டிவிட்டன. கத்தார் நாட்டின் அல் ஷாஹீன் எண்ணெய் வயலருகே கோடையில் நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் கூடுவதுண்டு. மீன்களிலேயே மிகப் பெரிய அவை அங்கு வருவது சூரை மீனின் முட்டைகளை உண்ணத்தான். அபுதாபிக் கடலில் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் கூன்முதுகு ஓங்கில்களை ஆய்வாளர் கணக்கிட்டனர். அவ்வினத்தில் உலகில் அதுவரை அறியப்பட்ட கூட்டங்களுள் அதுவே பெரியது. எண்ணிக்கை ஏறத்தாழ 700.