யாரும் தூக்காமல் கடல் பக்கம் போகலாம்!

மெரினாவில் கால் வைக்காத சென்னைவாசி உண்டா?

உண்டு. இதே ஊரில் பல வருடம் இருந்தும், காமராஜர் சாலையோரம் நின்று தூரத்தில் தெரியும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். சக்கர நாற்காலியில் நடமாடும் மாற்றுத்திறனாளிகள்தான் அவர்கள்.

மணல்தான் தடை. நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை. நாலடி போவதற்குள் புதைந்துவிடும். பின்னால் நின்று எவ்வளவு தள்ளினாலும் நாற்காலி கவிழப் பார்க்குமே தவிர, நகராது.

மெரினா மணல் கொஞ்சநஞ்சமா? துறைமுகம் கட்டிய பிறகு, அதற்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. கடல் விலகிவிட்டது.

தலைவலி இல்லை

"அதுக்கென்ன, நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போயிடலாம்" என்பார்கள் உறவினர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவர் மனது?

சுண்டல் விற்கிற பையன் முதல் குதிரைக்காரர் வரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பும் நேரமும் இவர் கையில் இல்லை. "போலாமா, நேரமாச்சு" என்று அவர்கள் எழுந்தால் இவரும் கிளம்ப வேண்டியதுதான்.

இரண்டு தடவை இப்படிப் போனவர், மூன்றாவது தடவை "நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தலைவலி" என்று சொல்லிவிடுவார். தலைவலி இருக்காது.

கல்யாண மண்டபத்திலும் இதே கதைதான். முகூர்த்தம் மாடியில், பந்தி கீழே. "நீ எதுக்கு கஷ்டப்படணும், வீட்டுலயே இரு. சாப்பாடு குடுத்தனுப்பறோம்" என்பார்கள். சாப்பாடு வந்துவிடும். ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரருடன் பேசுகிற பேச்சு வராது.

மரப்பாதை

முன்பெல்லாம் டிசம்பர் 3-ந் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி, மெரினாவில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். பிறகு பிரித்து எடுத்துவிடுவார்கள். கடல் வருஷம் பூரா அங்கேதான் இருக்கிறது. பாதைக்கு மட்டும் லீவு!

2022-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதிதான் நிரந்தர மரப்பாதை வந்தது. மாநகராட்சி அமைத்தது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அப்போது சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ.வாக இருந்த உதயநிதி ஸ்டாலின் திறந்து வைத்தார்.

பன்னிரண்டே நாள். டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அலை மோதியதில் பாதையின் கடலோரப் பகுதி உடைந்தது. பின்னர் செப்பனிட்டார்கள்.

பாதை வரை வருவது எப்படி?

மெரினாவில் பாதை போட்டாயிற்று. வீட்டிலிருந்து அங்கே வர வேண்டுமே!

சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தள பஸ்கள் 2024-ல் ஓடத் தொடங்கின. ஆனால் பஸ் நிறுத்தம் வரை போக பிளாட்பாரம் வேண்டும். சென்னை பிளாட்பாரம் எப்படி என்று சொல்லவே வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு ஏற்றம், நடுவில் மின்சாரப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் பைக்.

இன்னொன்று, யாரும் வெளியே பேசாத விஷயம். நாற்காலி நுழைகிற கழிப்பறை கிடைக்காது என்பதால், வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காத பெண்கள் உண்டு.

சாய்தளமும் சறுக்கு மரமும்

பல கடைகள், அலுவலகங்களில் சாய்தளம் இருக்கிறது. பார்த்தால் சறுக்கு மரம் போல் செங்குத்தாக நிற்கும்! ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி. நாலடியில் முடித்தால் யார் ஏறுவது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையெல்லாம் செய்யச் சொல்கிறது. 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும், அணுகல் வசதி விதிகள் வெறும் யோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை

மெரினா மரப்பாதையில் இன்னொரு தொல்லை, கூட்டம். மணலில் நடக்கத் தெம்பு உள்ளவர்களும் பாதையில்தான் போகிறார்கள். செல்பி எடுக்கிற வாலிபர்கள் நடுவில் நிற்கிறார்கள். "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்று பத்தடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் நாற்காலிக்காரர் கடல் பக்கம் போக வேண்டியிருக்கிறது.