உங்களுக்குத் தெரியுமா? லயத்துப் பிள்ளையின் உயரம்

இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு. தோட்டப்புறத்தில் அது 32 வீதம். நுவரெலியா மாவட்டத்திலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

"எங்க பரம்பரையே குள்ளம்" என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள். பரம்பரை மீது பழி போடுவது சரியல்ல. கருவுற்றதிலிருந்து இரண்டு வயது வரையான சுமார் 1,000 நாட்களில் கிடைக்காமல் போன போசாக்கே பெரிய காரணம்.

விடியற்காலையில் ஒரு லயத்துக் காம்பராவைப் பாருங்கள். அடுப்புப் புகைக்குள் கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், ஒரு கோப்பை சாயத்தண்ணி. கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் கொழுந்தெடுக்க மலையேறுகிறாள். சாப்பாட்டோடு குடிக்கும் அந்தத் தேநீரே, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. இரத்தசோகை உள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து அதிகம். அசுத்த நீரால் அடிக்கடி வரும் வயிற்றோட்டம், தின்ற கொஞ்சத்தையும் ஒட்டவிடாது.

முட்டையும் பாலும் கொடுக்கச் சொல்வது சுலபம்; வாங்கக் காசு வேண்டுமே. பல வருடப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. மறு வருடமே நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து, மா விலையும் மளமளவென ஏறிவிட்டது.