ஊத்துக்குளி வெண்ணெயும் 42 கிலோமீட்டரும்

ஊத்துக்குளி வெண்ணெய், காங்கேயம் தேங்காய் எண்ணெய், பல்லடம் கறிக்கோழி. சோற்றை விட்டுவிட்டுக் கொழுப்பை நம்பி ஓடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், திருப்பூரைப் போலத் தோதான மாவட்டம் வேறு கிடைக்காது. எருமை வெண்ணெய் ஒரு கட்டியைக் கறுப்புத் தேநீரில் கரைத்துக் குடித்துவிட்டு, விடியும் முன்பே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இங்கே உண்டு. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். ரத்தச் சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கும்; டாக்டர் ‘நடங்க’ என்றிருப்பார்; நடை ஓட்டமாகி, ஓட்டம் ஹாஃப் மராத்தான் ஆகியிருக்கும். பக்கத்தில் கோவை மராத்தான் 2013-லேயே தொடங்கிவிட்டதால் பெயர் கொடுக்கத் தூரமாகவும் போக வேண்டியதில்லை.

இவர்களில் பலருக்கு ஓட்டமும் பேலியோ என்ற இந்தக் கொழுப்பு உணவுமுறையும் ஒரே சமயத்தில் வாழ்க்கைக்குள் வந்தவை. எடை குறைந்தது, சர்க்கரை இறங்கியது, 21 கிலோமீட்டரும் ஓட முடிந்தது. மூன்றுக்கும் வெண்ணெய்தான் காரணம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எடைக்கும் சர்க்கரைக்கும் எந்த உணவு நல்லது என்பது ஒரு கேள்வி. வேகமாக ஓட எந்த எரிபொருள் நல்லது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

தமிழில் இந்த உணவுமுறையைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன் என்ற புனைபெயரில் எழுதுபவர். ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற முகநூல் குழு வழியாகவும், தினமணி இணையதளத்தில் வந்து பிறகு கிழக்கு பதிப்பகம் புத்தகமாக்கிய ‘பேலியோ டயட்’ தொடர் வழியாகவும் அது வீடுகளுக்குள் போனது. காலையில் 100 பாதாம், பட்டர் டீ, முட்டை, பனீர், வயிறு நிறையக் கறி. அரிசி, கோதுமை, சர்க்கரை கிடையாது. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த 100 பாதாமில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் முறையே புரிந்துவிடும். ஏறக்குறைய 120 கிராம் எடை, 700 கலோரி, 60 கிராம் கொழுப்பு, 25 கிராம் புரதம். நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து 10 கிராம்தான். ஒரு கப் சோற்றில் அது சுமார் 45 கிராம். பேலியோ முதலில் எடைக்கும் சர்க்கரைக்குமான உணவாகத்தான் பேசப்பட்டது. ஓட்டக்காரர்கள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உடலுக்குள் இரண்டு கிடங்குகள்

தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து மொத்தம் 400 முதல் 500 கிராம். அதாவது சுமார் 2,000 கலோரி. ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் முழு மராத்தானுக்கு 2,900 கலோரிக்கு மேல் எரிக்க வேண்டும். கணக்கு இடிக்கிறது அல்லவா? திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோவைக்கு ஓடுவதாக வைத்துக்கொண்டால், கருமத்தம்பட்டியைத் தாண்டிய சற்று நேரத்தில் கால் கல்லாகிவிடும். மராத்தானில் 30-வது கிலோமீட்டருக்குப் பிறகு ‘சுவரில் முட்டுவது’ என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

கொழுப்புக் கிடங்கில் இந்தத் தட்டுப்பாடு இல்லை. ஒல்லியான ஓட்டக்காரரிடம்கூட 50,000 கலோரிக்குக் குறையாமல் இருக்கும். அதைத் திறந்துவிட்டால் ஓட்டத்தின் நடுவே விழுங்கும் சர்க்கரை ஜெல்லும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம் என்பதுதான் இந்த உணவுமுறையின் மையமான வாதம். வாதத்தில் பிழையில்லை. கிடங்கைத் திறக்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

1983-ல் ஸ்டீஃபன் ஃபின்னி என்ற அமெரிக்க மருத்துவர், நன்கு பயிற்சி பெற்ற ஐந்து சைக்கிள் வீரர்களுக்கு நாலு வாரம் ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து கொடுத்தார். மிதமான வேகத்தில் களைத்து விழும்வரை மிதிக்கச் சொன்னபோது முன்பு 147 நிமிடம், பின்பு 151 நிமிடம். சோறில்லாமலே தாக்குப்பிடித்தார்கள், பெரிதாகக் கூடவும் இல்லை. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் வெகுநேரம் கூடுதலாக மிதித்ததால் சராசரி ஏறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2016-ல் ஜெஃப் வோலெக் குழு 20 அல்ட்ரா மராத்தான், அயர்ன்மேன் வீரர்களை ஒப்பிட்டது. பாதிப் பேர் சராசரியாக 20 மாதம் கொழுப்புணவில் இருந்தவர்கள். அவர்களுடைய உடல் உச்சத்தில் நிமிடத்துக்கு 1.54 கிராம் கொழுப்பை எரித்தது. மாவுச்சத்து சாப்பிட்டவர்களிடம் அது 0.67 கிராம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அந்த ஆய்வில் பந்தயம் எதுவும் வைக்கவில்லை. யார் முதலில் வந்தார் என்று அது சொல்லவில்லை. சொல்வதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் கதை இன்னும் சுவையானது. ஓட்டக்காரர்கள் வேதம்போல வைத்திருந்த ‘லோர் ஆஃப் ரன்னிங்’ நூலை எழுதிய விளையாட்டு மருத்துவப் பேராசிரியர், மாவுச்சத்தை வலியுறுத்தியவர். எழுபதுக்கும் மேற்பட்ட மராத்தான்களும் அல்ட்ராக்களும் ஓடிய அவருக்கே டைப் 2 சர்க்கரை நோய் வந்தது. 2010 இறுதியில் தலைகீழாக மாறி, தன் நூலின் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடுங்கள் என்றார். ஓடிக்கொண்டே இருந்தால் என்ன சாப்பிட்டாலும் சர்க்கரை வராது என்று நம்புகிற நம்மூர் ஆட்களுக்கு அவருடைய அனுபவம் ஒரு எச்சரிக்கை. அதே சமயம் அவர் மாறியதற்குப் பின்னால் இருந்தது சர்க்கரை நோய், பந்தய நேரம் அல்ல.

பந்தயம் வைத்துப் பார்த்தபோது

பந்தயத்தோடு சேர்த்து ஆராய்ந்தவர் ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க். 2017-ல் வெளியான ஆய்வுக்காக, உலகத் தரத்து நடைப்போட்டி வீரர்களை கான்பெராவில் மூன்று வாரம் முகாமில் வைத்து, சமைத்து அளந்து சாப்பாடு போட்டார். ஒரு தரப்புக்கு நிறைய மாவுச்சத்து. இன்னொரு தரப்புக்கு அதே அளவு, ஆனால் பயிற்சிக்கு ஏற்பச் சில வேளை கூட்டியும் சில வேளை குறைத்தும். மூன்றாவது தரப்புக்குக் கொழுப்பு. முகாமுக்கு முன்னும் பின்னும் 10 கிலோமீட்டர் போட்டி. முதல் தரப்பின் நேரம் 6.6 சதவீதமும் இரண்டாவது தரப்பின் நேரம் 5.3 சதவீதமும் மேம்பட்டன. கொழுப்புத் தரப்பு மூன்று வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தும் முன்னேறவில்லை. சராசரி நேரம் 1.6 சதவீதம் பின்னுக்குப் போனது. தற்செயலாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டதால் முழுவதையும் மறுபடி செய்து 2020-ல் வெளியிட்டார்கள். முடிவு மாறவில்லை.

இத்தனைக்கும் கொழுப்புத் தரப்பு வீரர்களின் உடல் கொழுப்பை நன்றாகவே எரித்தது. அப்புறம் ஏன் பின்தங்கினார்கள்? ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்தை எரித்தால் கிடைப்பது சுமார் 5 கலோரி. கொழுப்பை எரித்தால் 4.7 கலோரி. வித்தியாசம் ஆறு, ஏழு சதவீதம். மெதுவாக ஓடும்போது இது உறைக்காது. மூச்சு மிச்சமிருக்கும், இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம். உடலால் பயன்படுத்த முடிந்த உச்ச ஆக்சிஜனில் 80 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் மிச்சம் கொஞ்சம்தான். அதே வேகத்துக்கு அதிகம் மூச்சு வாங்க வேண்டும் அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். பேலியோவுக்கு மாறியவர்கள் ‘லாங் ரன் சுகமாப் போகுது, மேடு ஏறும்போதும் கடைசி கிலோமீட்டரிலும் கியர் விழ மாட்டேங்குது’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, பயிற்சி முழுக்கக் கொழுப்பு, பந்தயத்துக்கு முந்தின நாள் மட்டும் பரோட்டா என்று வைத்துக்கொண்டால்? அதையும் பார்த்துவிட்டார்கள். 2006-ல் தென்னாப்பிரிக்காவில் 100 கிலோமீட்டர் சைக்கிள் போட்டியை வைத்து நடந்த ஆய்வில், மொத்த நேரத்தில் பெரிய மாற்றமில்லை. நடுநடுவே வைத்த ஒரு கிலோமீட்டர் விரட்டல்களில் சக்தி குறைந்தது. கொழுப்புக்குப் பழகிய தசையில் மாவுச்சத்தை எரிக்கும் முக்கிய நொதி மந்தமாகிவிடுவதை ஆஸ்திரேலிய ஆய்வொன்று அதே ஆண்டில் காட்டியது. குடலும் பழக்கம் விட்டுப் போகும். மாதக்கணக்கில் இனிப்பே காணாத வயிற்றில் பந்தயத்தன்று மூன்று ஜெல் இறங்கினால், அடுத்து தேடுவது கழிப்பறையைத்தான்.

உலகின் மிக வேகமான மராத்தான்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் பத்துப் பேரின் சாப்பாட்டை அளந்து 2004-ல் வெளியான ஆய்வில், கலோரியில் 76 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்தது. மக்காச்சோள மாவுக் களியும், சர்க்கரை தூக்கலான பால் டீயும். நம்மூர் பேக்கரி டீயை அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்படியென்றால் வெண்ணெய்க்காரர்கள் ஏமாந்தார்களா? இல்லை. 2023-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு திருப்பூர் ஓட்டக்காரர்களுக்கு மிகவும் நெருக்கமானது. நடுத்தர வயது ஆண் விளையாட்டாளர்கள் பத்துப் பேர். ஒவ்வொருவரும் 31 நாள் மாவுச்சத்து, 31 நாள் கொழுப்பு என இரண்டையும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். ஒரு மைல் ஓட்டத்திலும் 800 மீட்டர் விரட்டல்களிலும் இரண்டு உணவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முக்கியமானது இன்னொன்று. மாவுச்சத்து மாதத்தில் பத்தில் மூன்று பேரின் சராசரி சர்க்கரை, நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தது. ஒல்லியான, தினமும் ஓடுகிற ஆட்கள் இவர்கள். கொழுப்பு மாதத்தில் அது இறங்கியது. கூடவே கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறியது.

என் கணிப்பு இதுதான். 10 கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்கத் துடிக்கிற இளைஞருக்கு இந்த உணவு காலில் கட்டிய கல். ஐம்பது வயதில், சர்க்கரையோடு, ஆறு மணி நேரத்தில் முழு மராத்தானை நடந்தும் ஓடியும் முடிக்கிறவருக்கு அது தடையில்லை, உதவவும் கூடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களுக்குத் தேவை சோற்றைக் குறைப்பதே தவிர ஒழிப்பது அல்ல. ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2025-ல் சொன்னபடி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு அது. மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவு மாவுச்சத்தைக் குறைத்து பருப்பு, பால் போன்றவற்றின் புரதமாக மாற்றினாலே சர்க்கரை நோய் அபாயம் குறையும் என்பது அதன் கணக்கு. மெதுவான காலை ஓட்டத்தை வெறும் வயிற்றில் முடித்து, வேகப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் மட்டும் இட்லியும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்வது, பர்க்கின் இரண்டாவது தரப்பு செய்ததற்கு ஏறக்குறைய சமம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 100 பாதாமுக்கே தினம் ஏறக்குறைய நூறு ரூபாய் ஆகிறது. ஒன்றரை ஷிஃப்ட் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, டீயும் பன்னும் பசியை அடக்க, மராத்தானுக்கான டி-ஷர்ட்டைத் தைத்துக் கொடுக்கிறவருக்கு இது எட்டாத உணவு. சர்க்கரை நோய் அவரையும் விடுவதில்லை. பேலியோ பேச்சில் அவர் வருவதே இல்லை.

மாறியே தீருவேன் என்பவர்களுக்கு

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததென்று துள்ள வேண்டாம். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இறங்கியதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் வெளியேற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, மாடி ஏறினாலே கால் கனப்பது எல்லாம் அந்த வாரங்களில் சகஜம். பங்குனி, சித்திரை வெயிலில் இதைத் தொடங்கி லாங் ரன்னும் போவது மயங்கி விழ வழி. உயர் ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் எலும்பு சூப்பிலோ மோரிலோ உப்பைக் கூட்டிக்கொள்ளலாம். தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் எல்டிஎல் பார்க்க வேண்டும். ஒல்லியானவர்களுக்குச் சில சமயம் அது எகிறிவிடுகிறது. பர்க் குழுவின் மூன்றரை வார ஆய்வொன்றில், கொழுப்புணவு சாப்பிட்ட வீரர்களிடம் எலும்புத் தேய்மான அறிகுறிகள் கூடியதைக் கண்டார்கள். பசி அடங்கிவிடுவதால் தேவைக்குக் குறைவாகச் சாப்பிடும் பெண் ஓட்டக்காரர்களுக்கு மாதவிலக்கு தவறினால், அதை உடல் இளைத்ததன் பலனாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயம் தனி. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை அதே அளவில் விழுங்கிக்கொண்டு சோற்றை நிறுத்தி, 15 கிலோமீட்டர் ஓடினால் சர்க்கரை தாழ்ந்து சாலையோரத்தில் சரிய நேரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்னும் ஏமாற்றக்கூடியவை. இவற்றோடு மாவுச்சத்தை ஒதுக்கும் இந்த உணவும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். சர்க்கரை அளவோ பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டு மீட்டரைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுவார்கள். இந்த மாத்திரைகள் இப்போது விலை குறைந்து பரவலாகிவிட்டன. மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்து, அளவை மாற்றிய பிறகுதான் வெண்ணெய்க் கடைக்குப் போக வேண்டும்.