விஷச் சாராயம்: அங்கத்தினர் அறியவேண்டியவை

2024ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் அருந்தியவர்களுக்கு நேர்ந்த கதியை நம் அங்கத்தினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள், பெண்களும் இருந்தனர். முந்திய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இதே விஷம் உயிர்களைப் பறித்திருந்தது. எனினும் நாம் பாடம் கற்றோமில்லை.

அவ்விஷம் யாது? கல்வராயன் மலை ஓடைகளின் ஓரத்தில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயத்தை நம் பகுதியினர் அறிவர். அதுவும் சட்டவிரோதமானது, உடலைக் கெடுப்பது. கருணாபுரத்தில் கொன்றதோ அதனினும் கொடியது. அது மெத்தனால், வண்ணப்பூச்சு முதலிய தொழில்களுக்குப் பயன்படும் திரவம். நிறத்தாலும் மணத்தாலும் இதைச் சாராயத்தினின்று பிரித்தறிதல் இயலாது. "நான் நெடுநாள் குடித்துப் பழகியவன், எனக்குத் தெரியும்" என்பது வெறும் மயக்கமே.

மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இவ்வமிலமே பார்வை நரம்பை அழித்து, இரத்தத்தைப் புளிக்கச் செய்து, உயிரை மாய்க்கிறது. 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே பறிக்கலாம். இம்மாற்றத்திற்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். ஆகையால் இரவு குடித்தவன் ஒன்றும் நேரவில்லையென்று உறங்கி, காலையில் வயிற்று வலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண்முன் வெண்பனி படர்ந்தாற்போன்ற மங்கல் ஆகியவற்றோடு எழுகிறான்.

அப்போது மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துக் காலம் கடத்தலாகாது. உடனே 108 ஊர்தியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. போலீசுக்கு அஞ்சி மறைக்காமல், குடித்ததை மருத்துவரிடம் உள்ளபடி சொல்க. ஃபோமெபிசோல் என்னும் முறிவு மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர் பிழைக்க வழியுண்டு. அதே பாக்கெட்டைக் குடித்த மற்றவர்களையும், நோய்க்குறி தோன்றுமுன்னரே, உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 60 ரூபாய் குடிக்குச் செலவிடுபவர் ஆண்டில் இழப்பது 21,900 ரூபாய். நெசவாளருக்கு நூல் வாங்கவும், கரும்பு பயிரிடுவோருக்கு உரம் வாங்கவும் உதவும் தொகை இது. தவணை தவறிய வீடுகளுக்குச் சங்க அலுவலாக நான் சென்ற வேளைகளில், கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி பதில் சொல்லித் தலைகுனிந்து நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மழை பொய்த்ததால் வந்த கடனைச் சங்கம் தாங்கும். குடியால் வந்த கடனை எந்தச் சங்கம் தாங்கும்?

சாராயக் கேடு ஒருவரின் குடும்பத்தோடு நிற்பதன்று. 2024இல் தமிழக மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, விஷச் சாராய உயிரிழப்புக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வகை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் சட்டம் வந்து சேருமுன் பாக்கெட் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆதலின் சங்கங்கள் கூலியையும் பட்டுவாடாவையும் இயன்றவரை வங்கிக் கணக்கில், பெண்களும் அறிய, செலுத்துக. பேரவைக் கூட்டங்களில் மருத்துவரை அழைத்துப் பேசச் செய்க. குடியை விட முயல்பவரை எள்ளாது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்க. ஒருவருக்காக எல்லோரும் என்பதன்றோ கூட்டுறவு!