ஈற்றடி விளையாட்டு
தெமியாங், நெகிரி செம்பிலான்

1935-இல் சிங்கப்பூரில் தோன்றி, ஆசிரியர் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் ரப்பர்த் தோட்டங்கள் உட்பட மலாயா எங்கும் படிக்கப்பெற்ற 'தமிழ் முரசு' நாளிதழ், 1950-களில் இளையோர்க்கென்று 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை நடத்த, அப்பெயரிலேயே பல ஊர்களில் மன்றங்கள் எழுந்தன.

இத்தகைய மாணவர் மன்றங்களுக்கு ஏற்ற பழைய விநோதம் ஈற்றடி விளையாட்டு. ஒருவர் வேண்டுமென்றே பொருந்தாததோர் ஈற்றடியைக் கொடுக்க, மற்றவர் எதுகையும் மோனையும் தளையும் பிழையாமல் முன் மூன்றடிகளை இயற்றி, தோழனின் குறட்டையையோ செயலாளரின் சந்தா வசூலையோ பரிகசித்து வெண்பாவை முடித்தல் வேண்டும். 15-ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரின் சமத்காரமே இதற்கு முன்மாதிரி. வெறும் ஹாஸ்யம் எளிது. தளை தட்டாத ஹாஸ்யமே சாமர்த்தியம்.

வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்றே சீர். படிப்பவரும் ஒன்று முயன்று பார்க்கலாம்.